வழுக்கையின் வரலாறு: மருந்தும் காரணமும்

தலைமயிர் உதிர்வது கண்டு கவலையுற்ற மாந்தர் அதற்கு மருந்து தேடத் தொடங்கியது மிகப் பழங்காலத்திலேயே ஆகும். கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எகிப்தில் எழுதப்பெற்ற ‘எபர்ஸ்’ எனும் பாப்பிரஸ் ஏட்டில், சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து வழுக்கைத் தலையில் பூசுமாறு கூறப்பட்டுள்ளது. காரணம் அறியாது மருந்து தேடிய முறைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

காரணத்தைச் சுட்டும் குறிப்பு கிரேக்க நாட்டில் தோன்றியது. ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ மொழிகளுள் ஒன்று, விதையடிக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்கிறது. இதன் உட்பொருள் விளங்க ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் சென்றன. அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். விதை நீக்கப்பட்டவர்க்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உடையவர்க்கே மயிர் உதிர்ந்தது. கொடுப்பதை நிறுத்தியதும் உதிர்தல் நின்றது. ஆனால் போன மயிர் மீளவில்லை. ஆகவே ஹார்மோன், மரபு, வயது ஆகிய மூன்றும் கூடியே ஆடவர் வழுக்கையை உண்டாக்குகின்றன என்பது புலனாயிற்று.

காரணம் தெரிந்தபின் வழிகளும் பிறந்தன. பின்தலை மயிர்க்கால்களை வழுக்கையிடத்தில் நட்டாலும் அவை தம் இயல்பு மாறாமல் வளரும் என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எடுத்துக்காட்டினார். இரத்தக் கொதிப்புக்கு உட்கொண்ட மினாக்சிடில், நோயாளர் உடலில் மயிர் வளரச் செய்தது. அதனால் அது பூசுமருந்தாக்கப்பெற்று, 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில், ஆண் ஹார்மோனை வீரியமிக்க வேறொரு வடிவாக மாற்றும் நொதி குறைந்து பிறந்த ஆடவர்க்கு வழுக்கை விழாததை 1974இல் அறிஞர் வெளியிட்டனர். அந்நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1997இல் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. இவ்விரு மருந்துகளும் பயன்படுத்தும் வரையிலேதான் பலன் தரும். பின்விளைவுகளும் உண்டாகலாம். கருவுற்ற மகளிர் ஃபினாஸ்டரைடை உட்கொள்ளலாகாது.

எல்லா உதிர்வும் வழுக்கை அன்று. நம் மக்கள் ‘புழுவெட்டு’ என வழங்குவதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்கும் ஆற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வட்ட வட்டமாக மயிர் உதிர்கிறது. இஃது ஒட்டிப் பரவாது. பலர்க்குத் தானே மயிர் மீள்வதும் உண்டு. கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் எனும் மருந்து 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் தலையில் தோன்றும் படர்தாமரை பூஞ்சையால் வருவது; அது பிறர்க்கும் பரவும். இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கலாம் ஆதலின், பிரித்தறிவது மருத்துவர் கடன்.

சொல்லில் உள்ள புழுவை நம்பிப் பிள்ளை ஒன்றைக் கடைசிப் பலகையில் தனியே அமர்த்துவது கொடுமை. எண்ணெய்க் குப்பியின் மேலுள்ள படத்தை நம்பிப் பெற்றோர் பணத்தை இழப்பதும் வீண். முதலில் காரணம், பின்னர் மருந்து. மூவாயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.