விலைக்கு வரம்பு, விளைவுக்குக் கணக்கு?

விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலில், நாளெல்லாம் நின்றே உழைப்பவர்களுக்கு முழங்கால் வலி புதிதன்று. தேய்மானம் முற்றியவர்களுக்குச் செயற்கை மூட்டே தீர்வாகிறது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இம்மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ரூ.1.58 லட்சமாக இருந்த கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக ரூ.54,720 ஆனது. வரவேற்கத்தக்க நடவடிக்கை.

ஆனால், மூட்டின் ஆயுளை விலை தீர்மானிப்பதில்லை. பொருத்தும் கோணத்துக்கும் அதில் பங்குண்டு. இடுப்பு மூட்டின் மையத்தையும் கணுக்காலின் மையத்தையும் இணைக்கும் நேர்கோடு முழங்காலின் நடுவே செல்லுமாறு பொருத்துவது மரபு. எல்லோருடைய கால்களும் அப்படி நேராக அமைவதில்லை. 2012-இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், மூட்டுநோயற்ற ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் கால்கள் இயல்பிலேயே 3 பாகையோ அதற்கு மேலோ வெளிப்புறம் வளைந்திருந்தன. எனவே, அவரவர் கால் அமைப்பையொட்டிப் பொருத்தும் முறையும் இப்போது கையாளப்படுகிறது.

எம்முறை நெடுநாள் நிலைக்கும் என்பதை, நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடரும் பதிவேடே சொல்லும். ஸ்வீடன் 1975 முதல் அதைப் பராமரிக்கிறது. இங்கோ அது கட்டாயமில்லை. அரசு மருத்துவமனைகளில் பொதுப்பணத்தில் நடைபெறும் சிகிச்சைகளிலிருந்தாவது அதைத் தொடங்கலாம். விலைக்கு வரம்பு கட்டிய அரசு, விளைவுக்கும் கணக்கு வைக்க வேண்டும்.