மாதிரி ரயில் என்ஜின்களும் டிசிசி விளம்பரங்களும்

மாதிரி ரயில் என்ஜின் என்பது உண்மையான என்ஜினைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்து, மின்சாரம் பாயும் சிறு தண்டவாளத்தில் ஓடவிடும் பொறி. பிரிட்டனில் பெருவழக்கான 'ஓஓ' வகை 1:76 விகிதத்தில் செய்யப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய 'எச்ஓ' வகையின் விகிதம் 1:87. இரண்டும் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடுபவை. இவற்றை டிஜிட்டல் முறையில் இயக்கலாம் என்று பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் அச்சிடப்படும் வாசகங்கள் பாதி விவரத்தைத்தான் சொல்கின்றன. மீதிப் பாதி தெரியாமல் பணம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்கள்.

பழைய முறையில் தண்டவாளத்துக்கு அதிகபட்சம் 12 வோல்ட் அளவில் நேர்த்திசை மின்னோட்டம் தரப்படும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் என்ஜின் பின்னோக்கி ஓடும். ஒரே தடத்தில் இரண்டு என்ஜின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே நகரும். இந்தக் குறையைத் தீர்த்தது டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறையை அடித்தளமாகக் கொண்டு, 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அது திசை மாறிமாறித் துடிக்கும். அரைத் துடிப்பு 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. இந்த எண்களின் வரிசையில்தான் என்ஜினின் முகவரியும் அதற்கான கட்டளையும் செல்கின்றன. என்ஜினுக்குள் உள்ள டிகோடர் என்னும் சிறு மின்சுற்று தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்று, மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும். புதிய டிகோடரின் முகவரி வழக்கமாக 3. டிகோடர் இல்லையென்றால் கட்டளையைப் பிரித்தறிய என்ஜினில் வேறு எதுவும் இல்லை.

ஹார்ன்பி, பேக்மன் போன்ற நிறுவனங்களின் பட்டியல்களில் காணப்படும் 'டிசிசி ரெடி' என்ற முத்திரைக்கு, டிகோடர் பொருத்துவதற்கான சாக்கெட் உள்ளே இருக்கிறது என்பது மட்டுமே பொருள். டிகோடரைத் தனியே வாங்க வேண்டும். டிகோடரோடு வருவது 'டிசிசி ஃபிட்டட்' அல்லது 'டிசிசி ஆன் போர்டு'. 'ரெடி' வகையில் சாக்கெட்டில் ஒரு டம்மி பிளக் செருகப்பட்டிருக்கும். அது தண்டவாள மின்சாரத்தை நேராக மோட்டாருக்குக் கொண்டுபோகும். பழைய முறைத் தடத்தில் இதனால் சிக்கல் இல்லை. ஆனால் அப்படியே டிசிசி தடத்தில் வைத்தால், திசை மாறித் துடிக்கும் மின்சாரம் முழுதும் மோட்டாரில் பாயும். என்ஜின் நகராமல் ரீங்கரிக்கும், சூடேறும். இரும்பு உள்ளகம் இல்லாத 'கோர்லெஸ்' மோட்டாராக இருந்தால் சீக்கிரமே கருகிவிடவும் கூடும். சில கட்டுப்பாட்டுக் கருவிகளில் 0 என்ற முகவரியில் டிகோடர் இல்லாத ஓர் என்ஜினை ஓட்டும் வசதி உண்டு. அப்போதும் மோட்டார் ரீங்கரித்துச் சூடாவது நிற்பதில்லை. பெட்டியின் வாசகத்தை நம்பி நேரே டிசிசி தடத்தில் ஏற்றுபவருக்கு நேரும் இழப்பு இது. முத்திரைக்குப் பக்கத்தில் 'டிகோடர் இல்லை' என்று இரண்டே சொற்கள் அச்சிட்டால் தடுத்துவிடலாம்.

சாக்கெட்டிலும் பல வகை. 6 பின், 8 பின், 21 பின், நெக்ஸ்ட்18, பிளக்ஸ்22 எனத் தரங்கள் உள்ளன; ஒன்றுக்கான டிகோடர் மற்றொன்றில் நேராகப் பொருந்தாது. 8 பின் பிளக்கில் மோட்டாருக்கு இரண்டு, தண்டவாளத்துக்கு இரண்டு என்று போனபின், விளக்கு முதலிய துணை வேலைகளுக்கு மிஞ்சுவது நான்கே பின்கள். வால்விளக்கைத் தனியாக அணைக்க வேண்டும், ஒலிபெருக்கியும் வேண்டும் என்பவருக்கு 21 பின் போன்றவையே ஏற்றவை. சிறிய நீராவி என்ஜின்களில் சாக்கெட் இருந்தும் டிகோடரை அடக்க இடம் போதாமல் போவதுண்டு. இத்தனையும் அந்த ஒரே முத்திரைக்குள் மறைந்துவிடுகின்றன.

'டிசிசி கம்பாட்டிபிள்', 'டிசிசி ஃபிரெண்ட்லி' ஆகியவை இன்னும் தளர்வான வாசகங்கள். பின்னதை அமெரிக்க விற்பனையாளர்கள் பெரும்பாலும் மோட்டார் அடிச்சட்டத்திலிருந்து மின்காப்பிடப்பட்டிருக்கிறது, கம்பி பற்றவைத்தால் டிகோடர் சேர்க்கலாம் என்ற அளவில் கையாள்கிறார்கள். பற்றவைக்கும் கருவியைத் தொட்டறியாதவருக்கு அதனால் பயனில்லை.

வெறுமனே 'டிஜிட்டல்' என்பதும் போதாது. 1980ஐ ஒட்டி ஹார்ன்பி விற்ற 'ஜீரோ 1' முறை 16 என்ஜின்களைத் தனித்தனியே இயக்கியது. அது டிசிசியோடு ஒத்துப்போகாது. மெர்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள எச்ஓ என்ஜின்களில் சக்கரங்களுக்கு மின்காப்பு கிடையாது. இரண்டு தண்டவாள டிசிசி தடத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். லயனல் நிறுவனத்தின் டிஎம்சிசி வானொலி அலையால் கட்டளை அனுப்பும் வேறொரு முறை. பழைய பொருள் சந்தையில் இவையெல்லாம் டிஜிட்டல் என்ற ஒரே பெயரில் விலைபோகின்றன.

'ரெடி' என்ற முத்திரை பொய்யன்று. சாக்கெட் உண்மையிலேயே இருக்கிறது. ஆயினும் வாங்கும் முடிவை மாற்றக்கூடிய விவரத்தை விட்டுவிடுவதும் தவறான வணிக நடைமுறையே என்கிறது பிரிட்டிஷ் சட்டம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இருந்த இந்தக் கோட்பாடு, அவற்றுக்குப் பதிலாக வந்த 2024ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. விற்பனையாளர் தந்த விவரணைக்குப் பொருள் பொருந்தவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணம் பெறும் உரிமையை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அளிக்கிறது. டிகோடர் உள்ளே இருப்பதாகக் கடைக்காரர் எழுதி விற்றிருந்தால் வழக்கு எளிது. வெறும் 'ரெடி' என்று விற்றிருந்தால் வாங்கியவர் வாதாட வேண்டியிருக்கும். ஆகவே பணம் கட்டுமுன், டிகோடர் உள்ளே இருக்கிறதா, சாக்கெட்டில் எத்தனை பின், என்ஜின் எந்தக் கட்டுப்பாட்டு முறையைச் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.