ரொட்டியின் மேல் எழுந்த ஐயம்

வேர்க்கடலை தின்ற சில நிமிடங்களில் குழந்தையின் உடலில் தடிப்பு எழுந்தால் காரணம் எளிதில் விளங்கும். நாள்தோறும் உண்ணும் உணவே வாரக்கணக்கில் மெல்லக் குடலை அரிக்குமாயின், அதனை யார் ஐயுறுவர்? அங்ஙனம் மறைந்து நின்ற ஒரு பகையின் வரலாற்றை மாணவர்களுக்குக் கூற விழைகிறேன்.

1888-இல் சாமுவேல் கீ என்னும் இலண்டன் மருத்துவர் 'சீலியாக்' நோயை விளக்கி எழுதினார். வயிறு உப்பி, கைகால் சூம்பிக் குழந்தைகள் மெலிந்தன. உணவு முறையாலன்றி இந்நோய் தீராது என்றார். தீங்கு செய்யும் உணவு எதுவென்று கண்டாரில்லை. 1924-இல் அமெரிக்கரான சிட்னி ஹாஸ் ரொட்டியை விலக்கி வாழைப்பழம் அளித்தார். குழந்தைகள் தேறின, புகழோ வாழைப்பழத்துக்குச் சென்றது!

ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே ரொட்டியையே ஐயுற்றார்; 1941-இல் அதுபற்றி எழுதினார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஹாலந்து மக்கள் துலிப் கிழங்கையும் தின்றனர். ரொட்டி அருகியது; இந்நோயுற்ற குழந்தைகள் தேறின. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. பஞ்சமே உண்மையைக் காட்டிற்று என்பார் கூற்றை நான் முழுதும் ஏற்கிலேன்; டிக்கேயின் ஐயம் அதற்கு முந்தியது. பின்னர் அவரும் துணைவரும் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்திற் கழியும் கொழுப்பை அளந்தும், குற்றவாளி 'குளூட்டன்' என்னும் புரதமே என நிறுவினர்.

இதனை ஒவ்வாமை என்பாருளர். மருத்துவ நூலார் தன்னெதிர்ப்பு நோய் என்பர். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் விலக்குவதே இன்றும் மருந்து. ஆயினும், குருதிச் சோதனைக்கு முன்னர்ப் பெற்றோர் தாமாகவே அவற்றை நிறுத்தலாகாது. நிறுத்தின் சோதனையில் நோய் புலப்படாது போகலாம்.