ஒரு டஜன் படம், நாற்பது வருட மவுசு

கே.பி. சுந்தராம்பாள் நடித்த படங்களை எண்ணினால் ஒரு டஜனைச் சுற்றித்தான் வரும். 1935-இல் 'பக்த நந்தனார்', 1940-இல் 'மணிமேகலை', அப்புறம் 1953-இல் 'ஔவையார்', அதற்கும் அப்புறம் 1964-இல் 'பூம்புகார்'. ஒரு முறை 13 வருடம், இன்னொரு முறை 11 வருடம் திரையில் ஆளே இல்லை. இரண்டு வருடம் படமில்லாவிட்டால் முகமே மறந்துபோகும் தொழில் இது. இவரோ ஜெமினி வாசனின் பிரம்மாண்டத்துக்குத் தலைப்புப் பாத்திரமாகத் திரும்பி வந்தார். இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் கிட்டப்பா கதை. 1933 டிசம்பரில் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. உருக்கமான கதைதான். ஆனால் அவர் ஏன் துறவிகளாகவும் கிழவியாகவும் வேஷம் கட்டினார் என்பதற்குத்தான் அது விளக்கம். மவுசு ஏன் குறையவில்லை என்பதற்கு அல்ல. அவருடைய பிழைப்பு சினிமாவை நம்பி இல்லை, அதனால்தான் சினிமா அவரைத் தேடிப் போகவேண்டியிருந்தது என்பதே என் கட்சி.

அவர் தேறிவந்தது ஸ்பெஷல் நாடகத்தில். அங்கே ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிற ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் அன்றிரவு கொட்டகையில்தான் ஒன்றுசேர்வார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எதிராளி எடுத்த பாட்டுக்கு அந்த இடத்திலேயே பதில் பாட்டு வேண்டும். மைக் இல்லாத காலம். உச்ச சுருதியில் நின்று, ஆர்மோனியத்தையும் மீறி, கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரர் காதில் சொல் சிதையாமல் விழவேண்டும். 1926 வாக்கில் கொழும்பு மேடையில் கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்தவர் என்றால், இந்தப் பரீட்சையில் தேறியவர் என்றே பொருள். அந்தப் பெயரோடு நாடக வசூலும் இசைத்தட்டும் கச்சேரியும் சேர்ந்துகொண்டன. நந்தனாராக, அதாவது ஆண் வேஷத்தில், படத்தில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் கேட்க அவரால் முடிந்தது அதனால்தான். தட்டிக்கழிக்கச் சொன்ன தொகை என்பார்கள். பட முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்தப் படம் ஓடவில்லையே, அப்படியானால் மேடைப் புகழ் திரையில் செல்லாக்காசுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாராஜபுரம் விசுவநாதய்யரையே வேதியராகப் போட்டும் படம் எடுபடவில்லை. எருமையும் பனைமரமும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்தன என்று கல்கி கேலி செய்தார். ஆனால் இந்தத் தோல்விதான் என் வாதத்துக்குப் பலம். சினிமாவையே நம்பியிருந்த நடிகையாக இருந்தால் இத்தனை செலவு வைத்த முதல் படத்தோடு கதை முடிந்திருக்கும். இவருக்கோ நாடகமும் கச்சேரியும் இருந்தன; சத்தியமூர்த்தி அழைத்துவந்த காங்கிரஸ் மேடையும் இருந்தது. 1958-இல் சென்னை மாநில மேலவைக்கும் போனார். பழுத்த காங்கிரஸ்காரரான அவர், கலைஞர் வசனமெழுதிய 'பூம்புகாரி'ல் கவுந்தியடிகளானார் என்பதில் இன்னொன்றும் தெரிகிறது: எதிர்முகாமுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

கடைசிக் காலத்தில் பக்திப் படங்களுக்கு வாசல் கோலமாகத்தானே நின்றார் என்ற குறையில் பாதி உண்மை உண்டு. 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் அதே ஔவைதான், ஏ.பி. நாகராஜனும் பெரிதாக மெனக்கெடவில்லை. ஆனாலும் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை அந்த ஔவை சமாதானம் செய்யும் இடத்தைக் கவனியுங்கள். உடம்பு அசைவதே இல்லை. கெஞ்சல், கண்டிப்பு, தமிழ்ப் பாட்டிக்கே உரிய உரிமை மூன்றையும் சங்கதிகளே நடித்துவிடுகின்றன. தர்க்கப் பாட்டில் பழகிய தொண்டை அது. 1969-இல் வந்த 'துணைவன்' படத்துக்காக, அறுபது தாண்டிய வயதில், அவருக்குத் தேசிய விருது வந்தது. அதுவும் நடிப்புக்கு அல்ல, பின்னணிப் பாடகி என்ற கணக்கில். தன் பாட்டுக்குத் தானே வாயசைத்தவருக்கு!

(தொடரும்)