முட்டுக்கட்டையில இருந்து மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும்

இன்னைக்குக் கதை ராஜபாளையத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆரம்பிக்குது. நண்பன் ஒருத்தன் பழைய மெட்டடோர் வேனுக்குள்ள கட்டில், அடுப்பு எல்லாம் போட்டு வீடு மாதிரி மாத்தி வச்சிருக்கான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம், ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ளயே பிரேக் பெடல் கீழ போக ஆரம்பிச்சுது. உடனே வண்டியத் திருப்பிட்டோம்.

மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரையே தொடல. பெடலை ரெண்டு மூணு தடவ வேகமா அடிச்சுப் பார்த்தார். மேல வந்தது. "சரி, இப்ப அப்படியே மிதிச்சுப் பிடிங்க தம்பி"ன்னார். பிடிச்சேன். பெடல் மெதுவா தரைக்கு இறங்குது. நாலு சக்கரத்துலயும், பைப்லயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. டப்பால ஆயிலும் குறையல.

"வெளிய போகலைன்னா உள்ளயே போகுது. மாஸ்டர் சிலிண்டர்ல கப் போயிருச்சு."

நம்ம ஊர் டீபக்கிங் இதைவிட ஒண்ணும் பெருசில்ல. அடிச்சதும் பெடல் மேல வந்து அங்கேயே நின்னிருந்தா, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிருச்சுன்னு சந்தேகப்படணும். பஞ்சு மாதிரி அமுங்கினா லைன்ல காத்து. ஆயில ஊத்திட்டு ஓட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த ரப்பர் கப்புக்கு நூறு வயசு. மூடின திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் பரவும்னு பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார். அதை கார் பிரேக்கா மாத்தினவர் மால்கம் லாக்ஹீட், விமானக் கம்பெனி லாக்ஹீட் சகோதரர்கள்ல ஒருத்தர். 1921ல டூசன்பெர்க் காருல வந்தது. ஆனா ஆரம்பத்துல சீல் எல்லாம் தோல். ஒழுகும். 1924ல கிரைஸ்லர் கார் வந்தப்போ அவங்க இன்ஜினியர்கள் அதை ரப்பர் கப்பா மாத்தினாங்க. அப்புறம்தான் ஜனங்களுக்கு இந்தப் பிரேக் மேல நம்பிக்கை வந்தது.

கப் கிட் வாங்க ஆள் போன நேரத்துல அண்ணாச்சி தேர்க்கதைக்குப் போயிட்டார். ஆடிப்பூரத்துக்கு ஓடுற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர், தமிழ்நாட்டோட பெரிய தேர்கள்ல ஒண்ணு. மரச்சக்கரம் இருந்த காலத்துல அது நிலைக்கு வர நாள்கணக்கா ஆகும். நிறுத்துறதுக்கும் திருப்புறதுக்கும் இருந்த ஒரே வழி முட்டுக்கட்டை. உருளுற சக்கரத்துக்கு முன்னாடி ஒரு ஆள் ஓடிப்போய் கட்டையக் கொடுக்கணும். வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்கு, அவங்களுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. ஒரு நொடி தப்பினா அந்த ஆள் சக்கரத்துக்கு அடியில. நாம ஆபீஸ் மீட்டிங்ல 'முட்டுக்கட்டை போடாதே'ன்னு சும்மா சொல்றோமே, அது உயிரைப் பணயம் வச்ச வேலை.

பின்னாடி இந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துச்சு. திருவாரூர் ஆழித்தேருக்கு அதைச் செஞ்சு கொடுத்தது திருச்சி பெல். கொதிகலன் செய்யிற கம்பெனி! ஆனாலும் கட்டை போடுறவங்க இன்னும் இருக்காங்க. பிரேக்கால நிறுத்த முடியும், மூலையில திருப்ப முடியாதே.

கப் மாத்தி, தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிச்சு வரிசையா ஏர் எடுத்தாங்க. நான் மிதிக்க, அண்ணாச்சி நிப்பிள் திறக்க, முக்கால் மணி நேரம். இப்ப பெடல் மேலயே பிடிச்சுது, கல்லு மாதிரி.

சாயங்காலம் தேரடிப் பக்கம் வேனை நிறுத்தினோம். ஹேண்ட்பிரேக் போட்டும், நண்பன் இறங்கிப் போய் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வச்சான்.