கல்லறைக் கற்களில் மூன்று வளையங்கள்



மலையைக் குடைந்து கோயில் செய்த பிள்ளையார்பட்டிப் பகுதியில் வாழும் நமக்கு, கல் பேசும் என்பது புதிய செய்தியன்று. இதே சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 13ஆம் நூற்றாண்டில் தங்கள் சரக்குகளின்மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமையைக் கல்லில் வெட்டி, குழுவின் சின்னங்களையும் அங்கே செதுக்கினர். சகோதரராகக் கூடினோர் தங்கள் சின்னத்தைக் கல்லில் விட்டுச்செல்லும் இவ்வழக்கம் மேலைநாட்டுக் கல்லறைத் தோட்டங்களிலும் உண்டு.

அங்கே மூலைமட்டமும் கவராயமும் பின்னிய குறியைக் காண்பீர்களானால், அடியில் உறங்குபவர் பிரீமேசன் சங்கத்தவர் என்று அறியலாம். 1717-இல் இலண்டனில் தலைமைச் சங்கம் அமைத்த இவ்வியக்கம் விரைவில் நம் நாட்டுக்கும் வந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 1775-இல் திருச்சிராப்பள்ளியில் இதில் சேர்ந்தார். மூலைமட்டம் நேர்மையான நடக்கையையும், கவராயம் ஆசைகளை வரம்புக்குள் நிறுத்துவதையும் குறிக்கும். சில கற்களில் ஒரு மரக்கிளை இருக்கும். அது நம் வேதாகமம் 'சீத்திம் மரம்' என்றழைக்கும் மரத்தின் கிளை. உடன்படிக்கைப் பெட்டி செய்யப்பட்ட மரம். அழியாமைக்கு அதை அடையாளமாகக் கொண்டனர்.

மூன்று வளையங்கள் கோத்த சங்கிலி, ஆட்ஃபெலோஸ் சங்கத்தாருடையது. நட்பு, அன்பு, சத்தியம் என்பன அவ்வளையங்களின் பொருள். அமெரிக்காவில் 1819-இல் பால்டிமோர் நகரில் தாமஸ் வில்டி இச்சங்கத்தைத் தொடங்கினார். நோயாளியைச் சந்தித்தல், துயருற்றோரைத் தாங்குதல், மரித்தோரை அடக்கம் செய்தல், அநாதைப் பிள்ளைகளைக் கற்பித்தல் என்னும் நான்கும் உறுப்பினரின் கடமைகள்.

வெட்டுண்ட அடிமரம்போல் வடித்த கல்லைக் கண்டால், அது பெரும்பாலும் 1890-இல் ஒமாகாவில் ஜோசப் கல்லன் ரூட் நிறுவிய மரம்வெட்டிகள் சங்கத்தைச் சேர்ந்தது. உறுப்பினர் எவரும் பெயரற்ற குழியில் கிடக்கலாகாது என்பது அவர்கள் உறுதி.

இவற்றின் இரகசியச் சடங்குகளைக் கிறிஸ்தவர்களில் பலர் ஏற்கவில்லை. ரோமச் சபை 1738-லேயே பிரீமேசன் சங்கத்தைத் தடைசெய்தது. அந்தக் கேள்வி தகுதியானதே. ஆயினும் அரசின் உதவித்தொகை இல்லாத அந்நாட்களில், கூலிக்காரன் ஒருவன் மாண்டால் அடக்கச் செலவுக்கும் வழியின்றி அவன் மனைவி நின்றாள். வாராவாரம் சில காசு சேர்த்து அவளைத் தாங்கியவர்கள் இச்சங்கத்தார். கல்லிலுள்ள வளையம் அழகுக்காக மட்டும் செதுக்கப்பட்டதன்று. நிறைவேற்றப்பட்ட வாக்கின் சாட்சி அது.

விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு நமக்கு எழுதியிருக்கிறார். நம் கல்லறைகளிலும் சிலுவை செதுக்கியிருக்கிறோம். அடக்க ஆராதனை முடிந்த மறுமாதம், அந்த வீட்டுக் கதவை நம்மில் எத்தனைபேர் தட்டுகிறோம்? வாக்கைக் காக்கும் கைகள் இல்லாதபோது, சிலுவையும் வெறும் செதுக்குவேலையாகவே காணப்படும்.

இவ்வாரம் துக்கம் நேர்ந்த ஒரு வீட்டைச் சென்று சந்தியுங்கள். வெட்டுண்ட அடிமரத்திலிருந்து துளிரை எழும்பச் செய்கிற தேவன் உங்களோடு வருவாராக. ஆமென்.