பெயர்த்தகடு இல்லாத லாரி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், குறிப்பாக வான்கூவர் தீவில், காட்டு மரம் இழுத்து ஓய்ந்த பழைய லாரிகளைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். புதருக்குள் துருவேறிக் கிடக்கிற வண்டியைப் பார்த்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இது எந்தக் கம்பெனி வண்டி? முகப்பில் பெயர்த்தகடு இருந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படியெல்லாம் முடிந்துவிடாது.

ஏனென்றால் இவை ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய வண்டிகள் அல்ல. வான்கூவரில் 1920இல் தொடங்கிய ஹேயஸ் கம்பெனியும், அதிலிருந்து வெளியேறியவர்கள் 1947இல் ஆரம்பித்த பசிபிக் கம்பெனியும், மரக் கம்பெனிக்காரர்கள் கேட்டபடி வண்டி கட்டிக் கொடுத்தன. எஞ்சின் வெளியே வாங்கியதாக இருக்கும். பிறகு காட்டுப் பட்டறையில் எஞ்சின் மாறும், முகப்பு மாறும், சமயத்தில் கேபினே மாறும். அமெரிக்காவில் டகோமா மர வியாபாரி பீட்டர்மன், நொடித்துப்போயிருந்த ஃபேஜியோல் கம்பெனியை 1939இல் வாங்கினார். வண்டி பீட்டர்பில்ட் ஆனது. ஆக, பெயர் என்பது உடைமையின் கையெழுத்து, அவ்வளவுதான். ஆசிரியன் பெயரை வைத்தே பிரதியை வாசித்துப் பழகிய நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

அப்படியானால் எதை வாசிப்பது? முதலில் சேஸிஸில் வெட்டிய எண்ணை. அடுத்து தழும்புகளை. மரம் தாங்கும் குறுக்குச் சட்டம் 8 அடி அகலத்தில் நின்றால் பொதுச் சாலையில் ஓடிய வண்டி. 12 அடிக்குப் போனால் கம்பெனியின் சொந்தக் காட்டுச் சாலையில் மட்டுமே ஓடியது. கேபினுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி பூட்டிய துளைகள் தெரிந்தால், செங்குத்தான இறக்கத்தில் கொதித்துப்போகும் பிரேக் டிரம்மில் தண்ணீர் விட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறது. அங்கேயே கனத்த இரும்புத் தடுப்பு ஒன்று நிற்கும், மரம் முன்னால் சரிந்து ஓட்டுநரை நசுக்காமலிருக்க. அதில் உள்ள பள்ளத்துக்கு மறுபக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் எந்தத் தகட்டிலும் கிடையாது.

‘அபூர்வம்’ என்ற சொல்லையும் சந்தேகிக்கணும். கென்வொர்த், பீட்டர்பில்ட் இரண்டையும் வைத்திருந்த பாக்கார் நிறுவனம் ஹேயஸையும் வாங்கி, 1975இல் மூடியது. சேகரிப்பவருக்கு அபூர்வமாகத் தெரிவது, தொழிலாளிக்கு வேலை போன கதை.

பெயர் விடுபடுவது வண்டிகளோடு நிற்கவில்லை. அதே தீவில் டங்கன் பக்கத்தில் பால்டி என்று ஓர் ஊர். மேயோ சிங் 1917இல் மர அறுவை ஆலை வைத்து உண்டாக்கியது. பெயர் பஞ்சாபிலுள்ள அவருடைய கிராமத்தினுடையது. அந்த மாகாணத்தில் 1947 வரை இந்தியருக்கு ஓட்டுரிமை இல்லை. மரம் அறுத்தவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. மரங்கள் நின்ற நிலத்துக்குரியவர்களோ 1984இல் மியர்ஸ் தீவில் வெட்ட வந்தவர்களை மறித்துத்தான் தங்கள் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது.

இப்போது இந்த லாரிகளைப் புதுப்பிக்கிறார்கள். தகட்டை மாட்டி, பள்ளத்தை நிமிர்த்தி, பளபளவென்று வண்ணமடித்து நிறுத்துகிறார்கள். கம்பெனியின் பெயர் மீண்டும் துலங்க, வேலையின் வரலாறு வண்ணத்துக்கு அடியில் போய்விடுகிறது. கம்பெனியைக் கண்டுபிடிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை மட்டும் அப்படியே விட்டுவைக்கலாம்.